சிரிப்பு வரவேண்டிய இடம்

அந்தப் பையை அங்கயே செருப்புகிட்ட வச்சுட்டு வாம்மா. உள்ள வேணாம். இல்ல, கோவம்லாம் ஒண்ணும் இல்ல. பெரியவங்களைப் பாக்க வர்றப்ப பழம் வாங்கிட்டு வர்றது மரியாதைதான், யாரு இல்லேன்னா. ஆனா ஆப்பிள் வேணாம். வெளியவே இருக்கட்டும், போறப்ப எடுத்துட்டுப் போயிரு. வா, இதுல உக்காரு. அந்த நாற்காலி ஆடும், தூக்கி விட்டுரும். வந்தவளைச் சமையக்கட்டுல உக்கார வச்சுட்டாளேன்னு நினைக்காத, முன் ரூம்ல இப்ப நான் அதிகம் உக்கார்றதில்ல. நீன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. என் மகனைவிடச் சின்னவளா இருக்க.

சரி, நீ போன்ல சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாரு. அந்தப் படத்தைத் திரும்பவும் தியேட்டர்ல விடப் போறாங்க. படத்தை எல்லாம் கழுவித் துடைச்சு புதுசாட்டம் ஆக்கியாச்சு. சத்தமும் முக்கால்வாசி தேறிடுச்சு, ஒரே ஒரு இடம் தவிர. அவன் ஆப்பிளைக் கடிக்கிறான், புரை ஏறி இருமுறான், அவ சிரிக்கிறா. அந்தத் துண்டு மட்டும் பூஞ்சை பிடிச்சு வீணாப் போச்சு, டிவியில ஓடுற காப்பிச் சத்தமும் தியேட்டருக்குத் தேறாதாம். அதை நான் ஸ்டூடியோவுக்கு வந்து திரும்பப் பண்ணித் தரணும். அவ்வளவுதானே? கேட்டா சின்ன வேலைதான். அதான் போன்ல முடியாதுன்னு சொல்ல வாய் வரல, நேர்ல வான்னு சொல்லிட்டேன். இப்பவும் முடியும்னு சொல்லல, பாத்துக்க. டீ குடிப்பேல்ல? இரு.

நீ எத்தனை தடவை பாத்திருக்க அந்தப் படத்தை? அடேயப்பா. அம்மாகூடவா? எல்லாரும் இதேதான் சொல்றாங்க, அம்மாகூடப் பாத்தேன், அக்காகூடப் பாத்தேன்னு. அதுல அப்படி என்ன இருக்கு, சொல்லு பாப்போம். ஒரு சண்டை உண்டா? வில்லன் உண்டா? ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. அதை நடத்துறவ ஒருத்தி, வயசு நாப்பது தாண்டினவ, புருஷன் இல்லாதவ. எதிர்த்தாப்புல கடிகாரம் ரிப்பேர் பண்றவன் ஒருத்தன். மத்தியானம் வருவான், ஓரமா உக்காருவான், சாப்பிடுவான், போவான். முடிஞ்சுது கதை. பாதிப் படம் வரைக்கும் அவங்க பேசிக்கிறதே உப்பு போதுமா, போதும், அவ்வளவுதான். இதுக்குள்ள ஒரு காதல் இருக்குன்னு ஜனங்க கண்டுபிடிச்சாங்க பாரு, அதைச் சொல்லணும். படம் ஓடின வரைக்கும் தியேட்டருக்குப் பக்கத்துல ஓட்டல் வச்சிருந்தவன் காட்டுல மழை. உள்ள இருந்து வர்ற கூட்டம் அப்படியே பசியோட வந்து அவன் கடையில விழும்.

அந்த சூப்பு சீன் உனக்குப் பிடிக்குமா? எனக்கும் அதான். அவன் சூப்பை ஊதி ஊதிக் குடிக்கிறான். ரொட்டியைப் பிச்சு அதுல முக்குறான். கண்ணை மூடிக்கிறான். இவ சமையக்கட்டு வாசல்ல நின்னு அதைப் பாத்துக்கிட்டே இருக்கா, ஒண்ணும் பேசல. ஆனா அவ எச்சில் முழுங்குறது கேக்கும். ஒரே ஒரு முழுங்கல். அந்த முழுங்கல்ல தெரிஞ்சுரும்ல, இவ அவனை விரும்புறான்னு? ஆங். அது நான். அந்த முழுங்கல் என்னோடது.

சிரிக்கிற. நெசம்தான்மா. உனக்குத் தெரியாததா, நீயும் இந்தத் தொழில்தானே. ஆனா நீங்கள்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டினா நூறு முழுங்கல் வந்து நிக்குது. அப்ப நான்தான் எல்லாத்துக்கும். ஜன்னல் இல்லாத ஒரு ரூம், சுவரெல்லாம் மெத்தை. தரையில ஒரு பக்கம் பலகை, ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் கல்லு. எதிர்ல திரையில படம் ஓடும், அவங்க நடந்தா நான் நடப்பேன், அவங்க கரண்டியை வச்சா நான் வைப்பேன். எண்ணெயில ஏதோ வதங்குதுல்ல, அது ஈரத்துணி சூடான தட்டுல. அந்த மழை நான். அவ துணி சரசரப்பு நான். கடைசியில ஒரு முத்தம் வருதுல்ல, அதுவும் நான், என் புறங்கைக்கு நானே கொடுத்துக்கிட்டது. அதுக்கு எத்தனை பேரு பெருமூச்சு விட்டாங்கன்னு நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கும்.

இந்தா, சூடா இருக்கு, பாத்துக் குடி.

இன்னொண்ணு சொல்றேன், மனசு விட்டுராத. அந்த ஹீரோ ஒரு வாய் சாப்பிடல. உடம்பைக் குறைக்கணும்னு அவருக்கு டாக்டரு உத்தரவு. வாயில வைப்பாரு, மெல்லுவாரு, கட்னு சொன்னதும் கீழ ஒரு வாளி இருக்கும், அதுல துப்பிருவாரு. அந்தச் சூப்பு வெறும் கஞ்சித் தண்ணியில சாயம். ரொட்டி மேல அந்தப் பளபளப்பு பெயிண்ட்டு. அவருக்கும் ஜோடியா நடிச்ச அந்தம்மாவுக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது, ஒருத்தர் காருக்குப் பின்னாடி இன்னொருத்தர் காரு நிக்கக் கூடாது, அவ்வளவு ஆகாது. ஊமைப்படமா போட்டுக் காட்டினாங்க எங்களுக்கு. ரெண்டு பேரு பட்டினி கிடந்து எரிச்சல்ல உக்காந்திருக்குற மாதிரி இருந்துச்சு. ருசியும் இல்ல, ஆசையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டைரக்டரு தலையில கைவச்சு உக்காந்துட்டாரு.

பின்ன எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குறியா? எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்து.

அவருக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமே இல்லம்மா. லேத்துப் பட்டறையில வேலை, ஸ்டூடியோவுக்கு அடுத்த தெரு. எங்க வீட்ல சமையல் அவருதான். எனக்கு வெந்நி வைக்கவே ஒழுங்கா வராது. காலையில சமைச்சு ரெண்டு டப்பாவுல போட்டுக்கிட்டு, மத்தியானம் பட்டறையில சங்கு ஊதினதும் நேரா என்கிட்ட வந்துருவாரு. ஸ்டூடியோ வராந்தாவுல உக்காந்து சாப்பிடுவோம். ஸ்டூடியோவுல அவருக்குப் பேரே சாப்பாட்டு ராமன். கிண்டல் பண்ணத்தான் வச்சாங்க, ஆனா அவரு சாப்பிடுறதைப் பாத்தா வாயை மூடிருவாங்க. அள்ளித் திணிக்கிற ஆளு இல்ல. ஒவ்வொரு வாயையும் வரவேற்பாரு, அப்படித்தான் சொல்லணும். முதல் வாய் எடுத்ததும் தொண்டைக்குள்ள ம்ம்னு ஒண்ணு வரும். தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி.

எங்க சவுண்டு இஞ்சினியரு, பாம்புக்காதுன்னு அவருக்குப் பட்டப்பேரு, போய்ச் சேந்துட்டாரு பாவம், அவரு ஒரு நாள் கதவைத் திறந்து எட்டிப் பாத்தாரு. யாருய்யா சாப்பிடுறதுன்னாரு. நாங்க பயந்துட்டோம், தொந்தரவு பண்ணிட்டோமோன்னு. அந்த டப்பாவோட அப்படியே உள்ள வாய்யான்னாரு.

மைக்கு முன்னாடி உக்கார வச்சதும் மனுஷனுக்கு வெக்கம் வந்துருச்சு. சத்தமே வராம, பூனை பால் குடிக்கிற மாதிரி சாப்பிடுறாரு. பாம்புக்காது மைக்கை எவ்வளவு கிட்ட கொண்டு போயும் ஒண்ணும் தேறல. நான் கிட்டப் போய் சொன்னேன், ஏங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல சங்கு ஊதிருவான், பட்டறைக்குப் போகணும், சாப்பிடுங்கன்னேன். அவ்வளவுதான், எல்லாத்தையும் மறந்துட்டாரு. அந்த ம்ம் வந்துச்சு. ரொட்டியோட ஓரம் நொறுங்குறது வந்துச்சு. விரலை நக்குறது வந்துச்சு. திரையில ஹீரோ எப்ப மெல்லுறான்னு இவரு திரும்பிக்கூடப் பாக்கல. எடிட்டரு வந்து கத்தினாரு, வாயும் சத்தமும் ஒட்டலைன்னு. அப்புறம் சத்தத்தைப் போட்டுக் கேட்டாரு, கேட்டுட்டுப் போய் எங்க வீட்டுக்காரரு மெல்லுறதுக்கு ஏத்த மாதிரி படத்தை வெட்டினாரு. அந்தப் படத்துல உங்கம்மா மயங்கினாங்களே ஒருத்தன், அதுல முகம் மட்டும்தான் அந்த ஹீரோவோடது.

ஆப்பிளுக்கு வர்றேன், இரு. நீ அவசரப்படுற.

கடையை மூடினதுக்கு அப்புறம் அவன் வர்றான்ல, அந்த இடம். சாப்பாடு எல்லாம் தீந்து போச்சு. இருந்த ஒரே ஆப்பிளைத் துடைச்சுக் கொடுக்கிறா. கடிக்கிறான். நல்லா இருக்கான்னு கேக்குறா. அவன் வேற என்னமோ சொல்ல வந்து, புரை ஏறி, இருமுறான். இவ சிரிக்கிறா. படத்துலயே அப்பதான் முதல் தடவையா அவ சிரிக்கிறது. அங்கதானே அவங்களுக்குள்ள எல்லாம் முடிவாகுது? ஆனா எடுத்தப்ப இருமலும் இல்ல, சிரிப்பும் இல்ல, பாத்துக்க. முதுகைக் காட்டிக்கிட்டு மெல்லுவான், இவ பாத்துக்கிட்டு நிப்பா. அவ்வளவுதான் எடுத்திருந்தாங்க. எங்க வீட்டுக்காரரு மைக்குல ஒரு கடி கடிச்சாரு. அந்தச் சமயம் பாத்துத் திரையில அந்தம்மா ஒரு பக்கமா உதட்டை இழுத்துக்கிட்டு நின்னாங்க. நான் அதே மாதிரி உதட்டை இழுத்துக்கிட்டு இவரைப் பாத்தேன். வாய் நிறைய ஆப்பிளோட இவருக்குச் சிரிப்பு வந்து, போகக் கூடாத வழியில போயிருச்சு. அந்த இருமு இருமினாரு, கண்ணுல தண்ணியா ஊத்துது. முதுகைத் தட்டுறதை விட்டுட்டு எனக்குச் சிரிப்பு. அடக்கவே முடியல. ரெக்கார்டிங் ஓடுதுன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. செத்தோம், திட்டப் போறாருன்னு நினைச்சேன். பாம்புக்காது ஸ்பீக்கர்ல மெதுவா சொன்னாரு, இதை யாரும் தொடக் கூடாதுன்னு.

தொடல. அவன் முதுகு மட்டும் தெரியுற இடத்துல டைரக்டரு அதை அப்படியே வச்சுட்டாரு. அந்தம்மாவே ஒரு சிரிப்பு சிரிச்சுக் கொடுத்தாங்க, தகர டப்பாவுல கல்லு போட்ட மாதிரி இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டாங்க. அதனால அந்தச் சிரிப்பு நான். நீ என்னைத் தேடிக்கிட்டு வந்ததே அதுக்குத்தான்னு எனக்குத் தெரியும். கடிக்கவும் இருமவும் ஊர்ல ஆளா இல்ல? சிரிப்பு பழசோட ஒட்டணும். அதானே?

குடிச்சிட்டியா? டம்ளரை அங்க வை.

அவருக்கு வாதம் வந்துருச்சும்மா. பட்டறையிலிருந்து ஓய்வு வாங்கினதுக்கு அப்புறம். இனிமே நாள் பூரா சமைக்கலாம்னு குதிச்சுக்கிட்டு இருந்த ஆளு. இடது பக்கம் விழுந்துச்சு, பேச்சு குழறிப் போச்சு, அதெல்லாம் கூடப் பரவால்ல. முழுங்க முடியாமப் போச்சு. தொண்டையில முழுங்குற நரம்பு செத்துப் போச்சாம். டாக்டரு, சின்னப் பையன், நல்லவன், படம் வரைஞ்சு காட்டினான். இது சாப்பாடு போற வழி, இது மூச்சு போற வழி, நடுவுல ஒரு கதவு, அந்தக் கதவு இவருக்கு இனிமே மூடாதுன்னு. வாயால ஒரு சொட்டுத் தண்ணி கூடக் கூடாது. மூக்கு வழியா குழாய். கரைச்ச மாவை அதுல ஊத்தணும். யாருக்கு வந்துச்சு பாரு. எனக்கு வந்திருக்கலாம், எனக்கு எதைத் தின்னாலும் ஒண்ணுதான்.

இந்த வீட்ல சமையல் நின்னு போச்சு. வாசனை போகக் கூடாதுல்ல. நான் எதையாவது வேக வச்சு, இந்தத் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டே தின்னுருவேன். குழாயைத் திறந்துவிட்டுட்டுத் திம்பேன். ஏன்னா கேக்குமே அவருக்கு. தண்ணிச் சத்தத்துல மெல்லுற சத்தம் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்திரம் கழுவுவா?

அந்தப் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டது அவருதான். கையைக் காட்டிக் காட்டி, ம்ம் ம்ம்னு. எனக்குப் புரியவே நேரமாச்சு. மகன் வந்திருந்தப்ப டிவியில ஏத்திக் கொடுத்துட்டுப் போனான். வலது கை நல்லா இருந்துச்சு, ரிமோட்டை அவரே வச்சுக்குவாரு. மத்தியானம் குழாயில ஊத்தி முடிச்சதும் படம். தினமும். எனக்கு முதல்ல வயித்தெரிச்சலா இருந்துச்சு, இது என்ன தண்டனை, சாப்பிட முடியாதவரு சாப்பிடுறதையே பாத்துக்கிட்டுன்னு. ஆனா நீ அவரு முகத்தைப் பாத்திருக்கணும். தாடை அசையும். அந்த ம்ம் அங்க ஸ்பீக்கர்ல வர்றப்ப இங்க இவரு தொண்டையிலயும் வரும். தன் வாய்தானே அது. தான் சாப்பிடுறதைத்தான் அவரு கேட்டுக்கிட்டு இருந்தாரு.

அந்த ஆப்பிள் இடம் வந்ததும் நான் இங்க சமையக்கட்டுல எந்த வேலையில இருந்தாலும் நிறுத்திருவேன். டிவியில அவரு கடிப்பாரு, இருமுவாரு, நான் சிரிப்பேன், இங்க இருந்து நானும் சேந்து சிரிப்பேன். முன் ரூம்ல இருந்து அவரு கட்டில் கம்பியை மோதிரத்தால டிங்குனு தட்டுவாரு. எங்களுக்குள்ள பேச்சு அவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

கேளு, நான் என்ன பண்ணேன்னா, வேலையையும் விடல. சின்னச் சின்ன விளம்பரம், குழந்தைங்க பொம்மைப் படம், வீட்லயே பண்ணி அனுப்புவேன். திரை கனமா போட்டது முன் ரூம்தான், அதுதான் அமைதியான ரூம். அதனால அவரு கட்டில் பக்கத்துலயே. என் கூடை தெரியும்ல, உனக்கும் ஒண்ணு இருக்கும். காஞ்ச ரொட்டி, வெள்ளரிக்கா, ஆப்பிள், கண்ணாடிக் காகிதம், எல்லாம் அதுல. ஏதோ பிஸ்கட்டுக்கோ பழச்சாறுக்கோ நான் ஆப்பிளைக் கடிக்கணும். கடிச்சு மெல்லுவேன், கிண்ணத்துல துப்புவேன். ஒரு வாய் தண்ணிக்கு வழி இல்லாதவரு முன்னாடி. முதுகைக் காட்டி உக்காந்து பண்ணினேன், என்னால அவரு முகத்தைப் பாக்க முடியல. கட்டிலைத் தட்டித் தட்டித் திருப்பிட்டாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. நல்லா இல்லேன்னா தலையை ஆட்டுவாரு, இன்னொண்ணு கடின்னு. வேலை முடிஞ்சா கூடையை அங்கயே வச்சுருவேன். அவரு கை நீட்டினதே கிடையாது. அதனாலதான் வச்சேன்.

சரி, அதை விடு. உன் வேலைக்கு வருவோம். இருட்டுறதுக்குள்ள நீ போகணும்ல.

முதல்ல பழம். வாசல்ல வச்சிருக்கியே, அது வேணாம், சிவப்பா மாவாட்டம் இருக்கும் அந்த ஜாதி. பச்சையா, கெட்டியா வாங்கு. வாங்கினதும் குளிர்ச்சியில வை. கடிக்கிறவங்க முன் பல்லால கடிச்சு, அப்புறம் பிய்க்கணும். ரெண்டு சத்தம் அது, ஒண்ணு இல்ல. மைக்கைக் கன்னத்துப் பக்கம் வை. இருமலுக்கு ஒரு வயசான ஆம்பளையைப் புடி, இருமச் சொல்லாத, சிரிக்க வச்சு இரும விடு. அப்புறம் ஒண்ணு, அந்த சீன்ல பின்னாடி சுவர்க் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும், டிக்கு டிக்குனு, அதை மறந்துராத. அது இல்லேன்னா அது அந்தப் படமே இல்ல. நானே அதைக் கவனிச்சிருக்கணும், அன்னிக்கு. கடிகாரம் ஓடலியேன்னு.

என்ன? ஒண்ணும் இல்லம்மா. அவரு போன அன்னிக்கு.

படம் ஓடிக்கிட்டு இருக்குன்னு நினைச்சேன். மத்தியானம் எப்பவும் போலப் போட்டுட்டு வந்து இங்கதான் வேக வைக்க உருளைக்கிழங்கு நறுக்கிக்கிட்டு இருந்தேன். சூப்பு போச்சு, மழை போச்சு. அப்புறம் கொஞ்சம் அமைதி. அந்த இடத்துல அமைதியாத்தானே இருக்கும். அப்புறம் அந்தக் கடி. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? என்ன ஒரு கடி, அந்தக் காலத்து மைக்குல எவ்வளவு சுத்தமா எடுத்திருக்காரு பாம்புக்காதுன்னு தோணுச்சு. பெருமையா இருந்துச்சு. காதை வச்சே சோறு தின்னவ நான். டிவியில இருந்து வர்றது எது, மனுஷன் வாயில இருந்து வர்றது எதுன்னு எனக்குத் தெரியல. அப்புறம் இருமல் வந்துச்சு. அதே இருமல். அவரோடதுதானே ரெண்டும், வேற மாதிரியா இருக்கும்?

போய்ப் பாத்தப்ப டிவியில படம் நின்னு போயிருந்துச்சு. ரிமோட்டு மடியில. அந்த ஹீரோ ஆப்பிளை வாய்கிட்ட கொண்டு போறான், இன்னும் கடிக்கல, அப்படியே நிக்கிறான். எங்க வீட்டுக்காரரு அங்க நிறுத்திட்டாரும்மா. நிறுத்திட்டு, அந்தக் கடியை அவரே கடிச்சுட்டாரு. ஆசைதானா, இல்ல போதும்னு முடிவு பண்ணிட்டாரா, எனக்குத் தெரியாது. முகம் கோணல. கண்ணுல தண்ணி ஊத்தியிருந்துச்சு, அன்னிக்கு ஸ்டூடியோவுல ஊத்தினாப்புல.

வாயில இருந்ததை விரலை விட்டு எடுத்தேன். மூஞ்சியைத் துடைச்சேன். அப்புறம்தான் அக்கம்பக்கத்துல கூப்பிட்டேன். டாக்டரு வந்து நெஞ்சுல சளி அடைச்சிருக்கும், எதிர்பாத்ததுதான்னாரு. நான் ஆமான்னேன். மகன்கிட்டயும் அதான் சொன்னேன். அவன் கேட்டா தன்னைத்தான் நொந்துக்குவான், படத்தை ஏத்திக் கொடுத்தது நான்தானேன்னு. நீயும் யார்கிட்டயும் சொல்லாத, என்ன? அந்தப் பழம் ஒரே ஒரு கடியோட கட்டில்ல கிடந்துச்சு. குப்பையில போட்டா யார் கண்ணுலயாவது படும். ஆளுங்க வர்றதுக்குள்ள நான் அதைத் தின்னுட்டேன், கொட்டையோட, காம்போட. ஆயுசு பூரா கடிச்சுத் துப்பினவ, அன்னிக்கு முழுங்கினேன். சத்தமே வராம மென்னேன்மா. அவரு பக்கத்துலயே உக்காந்து.

அழாத. எனக்கே வரல, நீ ஏன் அழற. மூஞ்சியைக் கழுவிக்க, குழாய் அங்க இருக்கு.

கடி நான் வந்து தர்றேன். அது வேற யாருக்கும் அமையாது, அவரு ரெண்டு தடவை கடிச்சதையும் கேட்டவ நான் ஒருத்திதான். அந்தம்மா துணி சரசரப்பு, ஆப்பிளைத் துடைக்கிறது, என்ன வேணுமோ கேளு, தர்றேன். சிரிப்புக்கு மட்டும் வேற யாரையாவது பாத்துக்க. அது என்னால ஆகாது. அன்னிக்கு இருமல் கேட்டதும் வழக்கம் போல வேலையை நிறுத்திட்டேன். இதோ, நீ உக்காந்திருக்கியே, அதே இடத்துல நின்னேன், கையில கத்தியோட, வாயைத் தயாரா வச்சுக்கிட்டு. இருமல் நின்னும் போச்சு. நான் நின்னுக்கிட்டே இருந்தேன், டிவியில என் சிரிப்பு வந்ததும் நானும் சேந்து சிரிக்கலாம்னு.